மாத்திரை சரி, மூளையை யார் பார்ப்பது? வேலூரில் ஒரு குழந்தைகள் கிளினிக் பற்றி

ஹோட்டலுக்கும் செல்போனுக்கும் விமர்சனம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எச்.ஐ.வி. உள்ள பிள்ளைகளின் மூளை, நரம்பு வளர்ச்சியைப் பரிசோதிக்கும் கிளினிக்கைப் பற்றி ஒருவரும் எழுதி நான் பார்த்ததில்லை. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எழுதினால் யார் வீட்டுப் பிள்ளை என்று தோண்ட ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் இதில் என் பெயர் இல்லை, பையன் பெயர் இல்லை, மருத்துவமனையின் பெயரும் இல்லை. வேலூரில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வேலூரில் தடுக்கி விழுந்தால் ஆஸ்பத்திரிதான், எது என்று கண்டுபிடிக்க முடியாது. பெயர் சொல்லாத விமர்சனத்தால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டால், இப்படி ஒரு பரிசோதனை இருப்பதே பலருக்குத் தெரியாது. அங்கே என்ன செய்வார்கள், எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதில் உஷாராக இருக்க வேண்டும் என்பதாவது தெரியட்டும்.

நான் குடியாத்தம் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அக்கா மகனை நானும் என் அம்மாவும் வளர்க்கிறோம். அக்காவும் மச்சானும் இப்போது இல்லை. பையன் ஆறாம் வகுப்பு. அவனுக்குப் பிறப்பிலேயே வந்தது, ஆனால் தெரிந்தது மூன்று வயது தாண்டித்தான். அதற்குள் பல தடவை நிமோனியா, நிற்காத பேதி, காதில் சீழ். ஒன்றரை வயதில் நடந்த பிள்ளை அப்புறம் நடப்பதை நிறுத்திவிட்டான். 'மாமா', 'ஆயா', 'தண்ணி' என்று சொல்லிக்கொண்டிருந்தவனிடமிருந்து ஒவ்வொரு வார்த்தையாகக் காணாமல் போனது. காலைப் பிடித்தால் கட்டை மாதிரி விறைப்பு. அப்போது நாங்கள் பார்த்த டாக்டர் ஒருவர் போலியோ சொட்டு சரியாகப் போட்டீர்களா என்று கேட்டார், இன்னொருவர் சத்துக் குறைவு என்றார். கடைசியில் ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. கூட்டு மருந்து ஆரம்பித்த சில மாதங்களில் மறுபடி நடந்தான், பேச்சும் வந்தது. நுனிக்காலில் நடப்பது மட்டும் போகவில்லை.

அதற்கப்புறம் வருடக்கணக்காக எங்கள் கவலையெல்லாம் ஒரே ஒரு எண்தான், வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்கிற கணக்கு. எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து கொடுக்கிற ஏ.ஆர்.டி. சென்டரில் 'கண்டறிய முடியாத அளவு' என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு வீட்டில் பாயசம். அந்த சென்டரை நான் குறை சொல்ல மாட்டேன். 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட சில அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தொடங்கிய சிகிச்சை இது. குழந்தைகளுக்கென்று தனித் திட்டம் 2006 கடைசியில் வந்தது. இவையெல்லாம் இல்லாமல் இருந்திருந்தால் பையனும் இல்லை, இந்தக் கட்டுரையும் இல்லை. ஆனால் பத்து வயதுக்கு மேல் வேறு ஒன்று தெரிய ஆரம்பித்தது. கடைக்குப் போய் உப்பு, தீப்பெட்டி, வெங்காயம் வாங்கி வா என்றால் உப்போடு வந்து நிற்பான். கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிப்பதற்குள் டீச்சர் அழித்துவிடுவார். 'வாய் மட்டும் நல்லா பேசறான் சார், வேலைன்னா சோம்பேறி' என்று பள்ளியில் சொன்னார்கள். அம்மாவோ, 'புள்ளைக்கு இன்னா கொறை? நல்லாத்தான கீறான்' என்பார். இரண்டு பேர் சொன்னதும் பாதி உண்மை. ஏ.ஆர்.டி. கவுன்சிலரிடம் இதைச் சொன்னபோது அவர்தான் இந்த கிளினிக்குக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

முதலில் கசப்பைச் சொல்லிவிடுகிறேன். கவுன்ட்டரில் டோக்கன் போட்டு உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் ஃபைல் வைத்திருந்த ஒருவர் வராண்டா முழுக்கக் கேட்கிற மாதிரி, 'ஏ.ஆர்.டி. ரெஃபரல் யாரு? ஏ.ஆர்.டி.!' என்று கத்தினார். அங்கே வலிப்புக்கு வந்தவர்கள், பேச்சு வராத பிள்ளைகள், ஆட்டிசம் என்று எல்லோரும் இருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர் ஒருவரும் இருந்தார். நான் எழுந்திருக்கவில்லை. ஃபைல்காரர் உள்ளே போன பிறகு பின்னாலேயே போய்ச் சீட்டைக் காட்டினேன். பையனுக்கு அவன் நோயின் பெயர் அப்போது தெரியாது. 'ஏ.ஆர்.டி.ன்னா இன்னா மாமா?' என்று அங்கேயே கேட்டான். மூளையைப் பரிசோதிக்கிற இடத்தில் இந்த சின்ன விஷயத்துக்கு மூளை வேண்டாமா? எச்.ஐ.வி. பற்றிய 2017ஆம் வருடச் சட்டம் 2018 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கிறது, ஒருவருடைய நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று அதில் இருக்கிறது. டாக்டரிடம் புகார் சொன்னேன். அடுத்த முறை போனபோது டோக்கன் நம்பரை மட்டும் கூப்பிட்டார்கள். திருத்திக்கொண்டதற்காகப் பாதி மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்கலாம்.

இனி நல்லதுக்கு வருகிறேன். உள்ளே போனதும் மூளைப் பரிசோதனை என்று ஒரு மெஷினில் படுக்க வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனால், ஒரு சிஸ்டர் தையல்காரர் டேப் போன்ற ஒன்றை எடுத்துப் பையனின் தலையைச் சுற்றி அளந்தார். உயரம், எடை, அப்புறம் தலைச் சுற்றளவு. கைக்குழந்தைகளுக்கு இதுதான் பெரிய பரிசோதனையாம். முதல் இரண்டு வருடத்தில் மூளை வேகமாக வளரும், அதோடு தலையும் வளரும். எச்.ஐ.வி. மூளையைத் தாக்கினால் தலை வளர்வது மந்தமாகிவிடும். மூன்று விஷயங்களைப் பார்ப்பார்களாம்: தலை வளர்ச்சி நின்றுபோவது, கற்ற நடையும் பேச்சும் திரும்பிப் போவது அல்லது வராமலே இருப்பது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கைகால் விறைப்பது. அக்கா மகனுக்கு மூன்று வயதில் இரண்டாவதும் மூன்றாவதும் தெளிவாகவே இருந்திருக்கின்றன. தலையை அன்றைக்கு யாரும் அளக்கவில்லை, தடுப்பூசி அட்டையில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. அந்த அட்டையைக் கட்டாயம் எடுத்துப் போங்கள், அதில் காலியாக இருப்பதுகூட அவர்களுக்குத் தகவல்தான்.

அப்புறம் காது, கண். புத்திப் பரிசோதனைக்கு முன்னால் இது எதற்கு என்று சலித்துக்கொண்டேன், ஏனென்றால் அது வேறு கட்டடம், வேறு வரிசை. ஆனால் ரிசல்ட்டில் இடது காதில் கேட்கும் திறன் கொஞ்சம் குறைவு என்று வந்தது. பழைய சீழின் வேலை. டீச்சர் சொன்னது பாதி காதில் விழாத பிள்ளையைக் கவனக்குறைவு என்று எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே இதை முதலில் பார்க்கிறார்களாம். எனக்கு இந்த இடத்தில்தான் இவர்கள் மேல் நம்பிக்கை வந்தது.

டாக்டர் அம்மா சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். கால் துள்ளியது அதிகம். தரையில் ஒட்டியிருந்த டேப் மேல் குதிகாலும் விரலும் தொட்டுத்தொட்டு நடக்கச் சொன்னார். கட்டைவிரலால் மற்ற விரல்களை வேகமாகத் தொடச் சொன்னார். கால் எரியுதா, ஊசி குத்துற மாதிரி இருக்குதா, செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறானா என்று கேட்டார். ஸ்டாவுடின் என்ற மாத்திரை எப்போதாவது சாப்பிட்டானா என்றும் கேட்டார். முன்பு நிறையப் பேருக்கு அதைக் கொடுத்தார்கள், அது கைகால் நரம்புகளைப் பாதிக்கும், உலக சுகாதார நிறுவனம் 2009இல் அதைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னது என்றார். இவன் சிகிச்சைக்கு வந்த காலத்தில் அது இல்லை. கைகால் நரம்பு நன்றாக இருக்கிறது, விறைப்பு வருவது மூளையிலிருந்து என்று சொல்லி பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

பிசியோ அறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநாரை நீட்டிவிடும் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தார்கள், அம்மா வீட்டில் தினமும் செய்துவிடுகிறார். அறை சின்னது, மின்விசிறி ஒன்று.

உளவியலாளர் செய்த சோதனைதான் இந்தக் கிளினிக்கின் உயிர். மாலின் என்பவர் இந்தியப் பிள்ளைகளுக்கென்று அமைத்த அறிவுத்திறன் சோதனை என்றார். சும்மா கேள்வி கேட்பதல்ல. வண்ணக் கட்டைகளை அட்டையில் உள்ள மாதிரி அடுக்க வேண்டும். படத்தில் எது குறைகிறது என்று சொல்ல வேண்டும். எண்களைச் சொல்வார்கள், அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், அப்புறம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். குறிகளைப் பார்த்துக் கட்டங்களை நிரப்ப வேண்டும், நேரம் ஓடிக்கொண்டிருக்கும். வழி கண்டுபிடிக்கும் புதிர். பையனுக்கு ஏதோ விளையாட்டு என்று நினைப்பு, சந்தோஷமாக உட்கார்ந்தான். பன்னிரண்டு மணிக்கு மேல் கண் சொருகினான். காலையில் அஞ்சரை மணிக்கே எழுந்து, லத்தேரி, காட்பாடி வழியாக பஸ்ஸில் ஆடிக்கொண்டு வந்தவன். உளவியலாளர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். 'தூக்கத்துல எடுத்த மார்க் எனக்கு வேணாம் சார், மீதியை இன்னொரு நாள் காலையில வெச்சுக்கலாம்' என்றார். இன்னொரு நாள் கடையை மூட வேண்டியிருந்தது, எரிச்சல்தான். ஆனாலும் அவர் செய்தது நியாயம். பசித்த பிள்ளைக்குப் பரீட்சை வைத்து, புத்தி கம்மி என்று முத்திரை குத்துகிற இடங்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு குறை. சில படங்கள் எந்தக் காலத்துப் படங்களோ தெரியவில்லை. பையன் பார்த்தே இருக்காத பொருளில் எது குறைகிறது என்றால் என்ன சொல்வான்? அவரிடம் கேட்டேன். அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அறிக்கை எழுதுகிறோம் என்றார். அறிக்கையிலும் அப்படி ஒரு வரி இருந்தது.

முடிவைச் சொல்ல என்னையும் அம்மாவையும் உட்கார வைத்து டாக்டர் பேசினார். பையனை வெளியே பொம்மை அறையில் விட்டுவிட்டார்கள். அம்மாவுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக ஓ.பி. சீட்டின் பின்பக்கம் வேலூர் கோட்டையை வரைந்தார். மூளையைச் சுற்றி ஒரு அகழி இருக்கிறது, ரத்தத்தில் வருகிற கண்டது கடியதெல்லாம் உள்ளே போகாமல் அது தடுக்கும். எச்.ஐ.வி. அந்த அகழியை நீந்தித் தாண்டுவதில்லை. கோட்டைக்குள் போய்வர அனுமதி உள்ள காவலர்கள் சிலர் உண்டு, வெள்ளை அணுக்களில் ஒரு வகை. அவர்களுடைய உடுப்புக்குள் ஒளிந்துகொண்டு வாசல் வழியாகவே போய்விடும். அதுவும் தொற்று வந்த சீக்கிரத்திலேயே. உள்ளே போனதும் நரம்பு செல்களைத் தொடாது. மூளைக்கென்று உள்ள காவல் செல்களுக்குள் குடியேறும். அந்தச் செல்கள் கோபத்தில் கக்குகிற ரசாயனங்களால்தான் பக்கத்து நரம்பு செல்கள் கெடுகின்றன. பெரியவர்களுக்குக் கட்டி முடித்த மூளை. குழந்தைக்கு அது அன்றன்றைக்கு வளர்ந்துகொண்டிருப்பது, அதனால்தான் அடி பெரிதாக விழுகிறது. மூளையின் ஆழத்தில் அசைவையும் வேகத்தையும் கவனிக்கிற பகுதி ஒன்று உண்டு, அது இதில் அதிகம் பாதிக்கப்படும், சில குழந்தைகளின் ஸ்கேனில் அங்கே சுண்ணாம்பு படிந்திருப்பதுகூடத் தெரியும் என்றார்.

அம்மா முழுதும் கேட்டுவிட்டு, 'அப்ப இப்பவும் அது உள்ளதான் கீதா?' என்றார். டாக்டர் மழுப்பவில்லை. முழுதாகப் போகாது, மாத்திரை அதைப் பெருகவிடாமல் அமுக்கி வைத்திருக்கிறது, மாத்திரை சரியாகப் போகிற வரைக்கும் புதிதாகக் கெடுக்கிற வாய்ப்பு மிகவும் குறைவு என்றார். மூன்று வயதுக்கு முன்னால் நடந்ததைத் திருப்ப முடியாது.

அறிக்கையில் இருந்தது இதுதான். வார்த்தைகள், பொது அறிவு, ஒற்றுமை கண்டுபிடிப்பது எல்லாம் வயதுக்கு ஏற்ற மாதிரி. எண்களைப் பின்னாலிருந்து சொல்வது, குறி நிரப்புவது, புதிரில் முன்யோசனை ஆகியவை நன்றாகவே கீழே. அதாவது பையனுக்குப் புரியாமல் இல்லை. ஒரே நேரத்தில் மூன்று விஷயத்தை மனதில் பிடித்து வைத்துக்கொள்வதும், வேகமாகச் செய்வதும், எதை முதலில் எதை அப்புறம் என்று திட்டமிடுவதும்தான் கஷ்டம். பிறப்பிலேயே தொற்று வந்த பிள்ளைகளிடம், வைரல் லோடு அடங்கிய பிறகும், இந்த மாதிரி அடிக்கடி பார்க்கிறோம் என்றார்கள். உப்போடு வந்து நின்ற பிள்ளைக்கு இதைவிட சரியான விளக்கம் எனக்கு யாரும் கொடுத்ததில்லை. 'சோம்பேறி' என்ற சொல்லை அன்றோடு வீட்டில் நிறுத்தியாகிவிட்டது.

ஆனால் அதே மூச்சில், 'எல்லாத்தையும் வைரஸ் தலையில போட்டுடாதீங்க' என்றும் டாக்டர் சொன்னார். சின்ன வயதில் எடை குறைவாக இருந்தது, ரத்த சோகை, அம்மா அப்பா இல்லாதது, உடம்பு சரியில்லாமல் பள்ளிக்குப் போகாத மாதங்கள், காது, எல்லாம் சேர்ந்துதான் ஒரு பிள்ளையின் மார்க். இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்தப் பரிசோதனையும் இல்லை. இப்படிச் சொல்கிற டாக்டர்கள் குறைவு.

மாத்திரைப் பட்டியலையும் பார்த்தார்கள். முன்பு எஃபாவிரென்ஸ் சாப்பிட்ட காலத்தில் பையன் ராத்திரி அலறி எழுந்திருப்பான். அம்மா பேய்க் கோளாறு என்று தாயத்து கட்டினார். அந்த மருந்துக்குக் கெட்ட கனவும் தலைசுற்றலும் வரும் என்று இங்கேதான் விளக்கமாகச் சொன்னார்கள். டொலுடெக்ராவிர் உள்ள மருந்துக்கு மாற்றிய பிறகு அது நின்றுவிட்டது, தாயத்தும் இன்னும் இருக்கிறது, எது காரணம் என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு உண்டு. புதிய மருந்திலும் சிலருக்குத் தூக்கம் கெடும், அப்படி இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள் என்றார்கள்.

பையில் நினைவாற்றல் டானிக் பாட்டில் ஒன்று இருந்தது. வேறு ஊரில் ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தது, விலையும் கொஞ்சநஞ்சமில்லை. இவர்கள் லேபிளைப் படித்தார்கள். இரும்பும் துத்தநாகமும் கால்சியமும் போட்டிருக்கிறது. இவற்றை வெறும் வயிற்றில் டொலுடெக்ராவிரோடு சேர்த்துக் கொடுத்தால் மருந்தை உடம்பு சரியாக உறிஞ்சாதாம். இரும்புச்சத்தோ கால்சியமோ கட்டாயம் வேண்டியிருந்தால், டொலுடெக்ராவிரை அதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலோ ஆறு மணி நேரம் பின்னாலோ கொடுக்க வேண்டும், அல்லது இரண்டையும் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். மூளைக்கு என்று வாங்கிய டானிக், மூளையைக் காக்கிற மருந்தின் காலை வாருவதை என்ன சொல்வது? இது ஒன்றுக்காகவே போன பணம் வசூல்.

ஸ்கேன் பற்றிப் பலரும் கேட்பார்கள், நானும் கேட்டேன். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லவில்லை. பழைய பாதிப்பு ஸ்கேனில் தெரிந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை, ஆயிரக்கணக்கில் செலவு வேண்டாம் என்றார்கள். எப்போது எடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள்: புதிதாக ஒரு கையோ காலோ இழுத்துக்கொண்டால், வலிப்பு வந்தால், காய்ச்சல், தலைவலி, வாந்தியோடு மயக்கமாக இருந்தால், நன்றாக நடந்தவன் தடுமாற ஆரம்பித்தால். அது வைரஸ் மட்டுமாக இருக்காது. காசநோய் மூளைக்காய்ச்சல், கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை, டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, ரத்தக் குழாய் அடைத்து வரும் பக்கவாதம் என்று எதுவாகவும் இருக்கலாம், முக்கியமாக மாத்திரையை விட்டுவிட்டு சி.டி.4 என்கிற நோய் எதிர்ப்பு அணுக்கள் இறங்கிய பிள்ளைகளுக்கு. அப்படி ஏதாவது என்றால் இந்த கிளினிக்குக்கு நாள் பார்த்து வராதீர்கள், நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள் என்று அழுத்திச் சொன்னார்கள்.

பையனிடம் நோயின் பெயரைச் சொல்வது தனிக் கதை. ஒரே நாளில் போட்டு உடைக்க வேண்டியதில்லை, ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவிட வேண்டும் என்றார் இந்த கிளினிக்கின் கவுன்சிலர். முதலில் ரத்தத்தில் ஒரு கிருமி இருக்கிறது என்றும், மாத்திரை எதற்கு என்றும் சொன்னார்கள், பெயர் கடைசியில். கவுன்சிலர் சொல்லும்போது நான் பக்கத்தில் இருந்தேன். பையன் அழவில்லை. 'ஸ்கூல்ல யாருக்கு தெரியும்?' என்பதுதான் அவன் முதல் கேள்வி. யாருக்கும் தெரியாது என்றேன். இந்த கவுன்சிலருக்குத் தனியாக ஐந்து நட்சத்திரம்.

அந்தப் பதிலைக் காப்பாற்றுவதில்தான் அடுத்த தகராறு. பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுப்பார்கள். பையனை முன் பெஞ்சில், வலது காது டீச்சர் பக்கம் இருக்கிற மாதிரி உட்கார வைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்ல வேண்டும். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் நோட்ஸ் நகல் கொடுக்கலாம். பரீட்சையில் கூடுதல் நேரம் தேவை. மிகவும் உருப்படியான கடிதம். ஆனால் டைப் செய்த தாளில் முதல் வரியே நோயின் பெயர்! பழைய மாதிரித் தாளை எடுத்து அப்படியே அடித்திருக்கிறார்கள். நாள் முழுக்க அடுத்தவர் பேப்பரை ஜெராக்ஸ் போடுகிறவன் என்பதால் எதையும் படிக்காமல் மடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. உளவியலாளரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் பாவமாக இருந்தது. 'நரம்பு வளர்ச்சி சார்ந்த கற்றல் சிரமம்' என்று மாற்றி, பழைய தாளை என் கண் முன்னாலேயே கிழித்தார். நீங்கள் போனால் கடிதத்தை அங்கேயே, நின்ற இடத்திலேயே, ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் கேளுங்கள். முழு அறிக்கை ஆங்கிலத்தில் மட்டும்தான் தருகிறார்கள், அது இன்னொரு குறை. எட்டாவது படித்த பாட்டிகள்தான் பாதிப் பிள்ளைகளை வளர்க்கிறார்கள், அவர்கள் யாரிடம் போய் அந்த ரகசியத்தைப் படித்துக் காட்டச் சொல்வார்கள்?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கற்றல் சிரமம் உள்ள பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு, அதற்கு முன்கூட்டியே சான்றிதழ் வேண்டும், ஒன்பதாம் வகுப்பில் மறுபடி சோதனைக்கு வரச் சொன்னார்கள். பள்ளியில் கடிதத்தைக் கொடுத்த பிறகு வகுப்பு டீச்சர் மாறிவிட்டார் என்று சொன்னால் பொய். முன் பெஞ்ச் கொடுத்தார், நோட்ஸ் சில நாள் கொடுக்கிறார், சில நாள் மறந்துவிடுகிறார். வீட்டில் நாங்கள் கடைக்கு அனுப்பும்போது சீட்டு எழுதிக் கொடுக்கிறோம். மூன்று பொருளும் வருகிறது, மீதிச் சில்லறை மட்டும் முழுதாக வருவதில்லை. அது நரம்புக் கோளாறு இல்லை என்று எனக்குத் தெரியும்.

கைக்குழந்தை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. காத்திருந்தபோது ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் ஐந்து மாதக் குழந்தையோடு வந்திருந்தார். ஆறாவது வாரத்திலேயே குதிகாலில் ரத்தச் சொட்டு எடுத்துச் சோதித்து, தொற்று இருப்பது தெரிந்து, உடனே மருந்து ஆரம்பித்துவிட்டார்களாம். குழந்தை கழுத்து நின்று, குப்புற விழுந்து, கையில் கொடுத்த கிலுகிலுப்பையைப் பிடுங்கியது. ரத்தத்தில் வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் பொருளைத் தேடுகிற சாதாரண ஆன்டிபாடி சோதனை பதினெட்டு மாதம் வரை தாயின் ஆன்டிபாடியையே காட்டும் என்பதால் அதற்காகக் காத்திருக்கக் கூடாது, வைரஸையே தேடுகிற சோதனை வேண்டும். தென்னாப்பிரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது, பிறந்து மூன்று மாதத்துக்குள் மருந்து ஆரம்பித்த குழந்தைகளில் இறப்பு, காத்திருந்து ஆரம்பித்தவர்களைவிட முக்கால்வாசி குறைந்தது, 2008இல் வெளியானது. பின்னால் அதே குழந்தைகளில் சிலரைச் சோதித்தபோது சீக்கிரம் ஆரம்பித்தவர்களின் வளர்ச்சியும் நன்றாக இருந்தது என்று டாக்டர் சொன்னார். கர்ப்பத்திலேயே தெரிந்து தாய் மருந்து சாப்பிட்டால், குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பே ஐந்து சதவீதத்துக்கும் கீழே போய்விடும். எதுவும் செய்யாவிட்டால் 15 முதல் 45 சதவீதம் வரை. அந்தக் குழந்தையைப் பார்த்துவிட்டு அம்மா பஸ் முழுக்கப் பேசவில்லை.

1986இல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டபோது, சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்தத்தை வேலூர் சி.எம்.சி.யில்தான் சோதித்தார்கள். அப்படிப்பட்ட ஊர் இது. இவ்வளவு காலம் கழித்தும் இந்த ஊரில் ஒரு பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பார்க்க, ஏ.ஆர்.டி. மருந்து கொடுக்கிற இடம் ஒன்று, காது இன்னொன்று, உளவியல் இன்னொன்று என்று அலைய வேண்டியிருக்கிறது என்பது எனக்கு உறுத்துகிறது. வைரல் லோடு பார்க்கிற அன்றைக்கே யாராவது பையனிடம் நாலு எண்ணைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னால்கூட முன்னாலேயே தெரிந்திருக்கும்.

சரி, மதிப்பெண். டாக்டர், உளவியலாளர், கவுன்சிலர் மூவருக்கும் ஐந்துக்கு ஐந்து. வரவேற்புக்கு இரண்டு. அறிக்கையின் சரக்குக்கு ஐந்து, அதன் மொழிக்கு ஒன்று. மொத்தத்தில் நான்கு கொடுக்கிறேன். செலவு: பதிவுக் கட்டணம் கொஞ்சம்தான், சோதனைக்குத் தனிக் கட்டணம் உண்டு. சோஷியல் ஒர்க்கரைப் பார்த்து நிலைமையைச் சொன்னோம், பாதிக்கு மேல் குறைத்தார்கள். அதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

போகிறவர்கள் ஏ.ஆர்.டி. புத்தகம், தடுப்பூசி அட்டை, பழைய ரத்த அறிக்கைகள், பள்ளி நோட்டு இரண்டு (கணக்கும் தமிழும் போதும்), வீட்டில் கொடுக்கிற எல்லா மருந்து பாட்டில்களையும், கோயிலில் கொடுத்த லேகியம் உட்பட, எடுத்துப் போங்கள். பிள்ளைக்கு வயிறு நிறையச் சாப்பாடு கொடுத்து, முடிந்தால் முதல் நாள் இரவே வேலூரில் தங்கி, காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். உள்ளே இருக்கிற கேன்டீனில் இட்லி சுமார், சாம்பார் நன்றாக இருக்கும். மாத்திரை சரியாகப் போகாத வீட்டில் முதலில் அதைச் சரி செய்துவிட்டுப் போவது நல்லது, இல்லாவிட்டால் அவர்களும் அதையேதான் சொல்லி அனுப்புவார்கள். இடம் எது என்று தெரிய வேண்டுமானால் உங்கள் ஏ.ஆர்.டி. சென்டர் கவுன்சிலரிடம் 'குழந்தையின் வளர்ச்சிப் பரிசோதனைக்குச் சீட்டு வேண்டும்' என்று கேளுங்கள். அவர் இழுத்தடித்தால் எச்.ஐ.வி. உதவி எண் 1097க்குப் போன் செய்யுங்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.